நார்வேயில் மலையும் ஃபியோர்டும்: ஊரிலிருந்து வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓஸ்லோவுக்குக் குடிவந்து ஒன்பது வருடம் ஆகிறது. கோடை நெருங்கினால் போதும், ஊரிலிருந்து போன் வரத் தொடங்கிவிடும். சித்தப்பா மகன், அக்காவின் சம்பந்தி வீட்டார், கல்லூரித் தோழி என்று யாராவது டிக்கெட் போட்டுவிட்டு, "அங்கே எங்கே போகலாம், எப்படிப் போகலாம்?" என்று கேட்பார்கள். அவர்களுக்குச் சொன்னதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நகரங்களைப் பற்றி இதில் அதிகம் இருக்காது. இந்த நாட்டின் அருமை நகரத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் தெரியும்.

எந்த மாதத்தில் வந்தால் நல்லது?

எதைப் பார்க்க வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உயரமான மலைகளில் நடக்க வேண்டுமென்றால் ஜூலை தொடக்கம் முதல் செப்டம்பர் நடு வரை. ஜூன் மாதத்தில் ஓஸ்லோவில் சட்டை நனைகிற வெயில் அடிக்கும். அதே நாளில் யோதுன்ஹெய்மன் மலைத்தொடரில் பல பாதைகள் பனிக்கு அடியில் கிடக்கும். மே மாதத்தில் ஹர்டாங்கர் ஃபியோர்டு (மலைகளுக்கு நடுவே உள்ளே நுழைந்த கடல்) ஓரமாக ஆப்பிள் மரங்கள் பூக்கும். உருகிய பனி அருவிகளில் பெருகி விழுவதும் அந்தச் சமயத்தில்தான்.

இரவு வானில் பச்சையாக அலையும் துருவ ஒளிக்கு செப்டம்பர் கடைசி முதல் மார்ச் கடைசி வரை. நள்ளிரவுச் சூரியனையும் துருவ ஒளியையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். முடியாது. இருட்டே வராத நாட்களில் ஒளி எழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் இரண்டு வாரம் என்பேன். கொசு போயிருக்கும், கூட்டம் குறைந்திருக்கும். சரிவில் நிற்கும் பிர்ச் மரங்கள் மஞ்சளாகவும், தரையோடு படர்ந்த செடிகள் குங்குமச் சிவப்பாகவும் மாறியிருக்கும்.

கூடாரத்தை எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாமாமே, நிஜமா?

பெரும்பாலும் நிஜம்தான். இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"அல்லெமன்ஸ்ரெத்தன்" என்று ஒரு சொல் இங்கே உண்டு. எல்லாருக்கும் உள்ள உரிமை என்று பொருள். காடு, மலை, கடற்கரை, ஏரிக்கரை எதுவானாலும், அது யார் பெயரில் இருந்தாலும், அதில் நடக்கவும் உட்கார்ந்து இளைப்பாறவும் இரவு தங்கவும் யாருக்கும் உரிமை உண்டு. காலங்காலமாக வழக்கத்தில் இருந்ததை 1957-இல் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். அதற்கு நார்வேக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. நேற்று விமானத்தில் வந்து இறங்கிய உங்களுக்கும் அதே உரிமைதான்.

அதற்கு வரம்புகளும் உண்டு. உழுத வயல், புல் அறுக்கும் நிலம், வீட்டைச் சுற்றிய இடம் ஆகியவை இதில் சேராது. ஆனால் அக்டோபர் 14 முதல் ஏப்ரல் 30 வரை, மண் உறைந்தோ பனி மூடியோ கிடந்தால் வயலிலும் நடக்கலாம். பயிர் கெடாது என்பதால் அந்தச் சலுகை. ஆள் வசிக்கும் வீட்டிலிருந்தோ குடிலிலிருந்தோ குறைந்தது 150 மீட்டர் தள்ளித்தான் கூடாரம் அடிக்க வேண்டும். ஒரே இடத்தில் 2 இரவு வரை தங்கலாம், அதற்கு மேல் என்றால் நில உரிமையாளரிடம் கேட்க வேண்டும். உயர்ந்த மலைகளிலும் ஊரை விட்டு வெகுதூரத்திலும் அந்தக் கணக்கு இல்லை. ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் தீ மூட்டக் கூடாது.

பழம் பறிக்கலாமா? தாராளமாக. ஆகஸ்ட் மாதத்தில் காட்டுக்குள் நடந்தால் காலடியெல்லாம் நீலப் பழம்தான். விரல், நாக்கு, பல் எல்லாம் ஊதாவாகிவிடும், ஊரில் நாவல்பழம் தின்ற மாதிரி. "மூல்தே" என்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு சதுப்புநிலப் பழம் இருக்கிறது. அதற்கு மட்டும் தனி மரியாதை. வடக்கு மாகாணங்களில் நில உரிமையாளர் தடை சொல்லியிருந்தால், அதை நின்ற இடத்தில் பறித்துச் சாப்பிடலாம், வாளியில் எடுத்துப் போகக் கூடாது.

இந்த உரிமையை நம்பி ஆட்கள் குவிகிற சில இடங்களில் உள்ளூர் நிர்வாகம் கூடாரத்துக்குத் தடை போட்டிருக்கிறது. லோஃபோதன் தீவுகளில் அப்படிப்பட்ட பலகைகளைப் பார்ப்பீர்கள். குப்பையை விட்டுப் போனவர்களால் வந்த தடைகள் அவை. நீங்கள் எழுந்து போன பிறகு அந்த இடத்தில் யாரோ தங்கினார்கள் என்ற அடையாளமே இருக்கக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

கூடாரம் வேண்டாம், ஆனால் மலையில் தங்க ஆசை. வழி இருக்கிறதா?

இருக்கிறது. நார்வே மலையேற்றச் சங்கம் என்று ஒன்று 1868-இல் தொடங்கப்பட்டது. அதற்கு நாடு முழுக்க 500-க்கும் மேற்பட்ட குடில்கள். பாதைகளில் கல் குவித்து அதன்மேல் சிவப்பு நிறத்தில் "டி" என்ற எழுத்தைத் தீட்டியிருப்பார்கள். ஒரு குவியலிலிருந்து அடுத்ததைப் பார்த்து நடந்தால் மாலைக்குள் ஒரு குடிலுக்குப் போய்ச் சேரலாம்.

குடில்கள் மூன்று வகை. ஆள் வைத்துச் சமைத்துப் போடுபவை. ஆள் இல்லாமல் உணவுப் பொருள் மட்டும் வைத்திருப்பவை. வெறும் படுக்கையும் அடுப்பும் உள்ளவை. ஒருமுறையாவது இரண்டாவது வகையில் தங்கிப் பாருங்கள். முதல் தடவை நாங்கள் ஹர்டாங்கர்விட்டா பீடபூமியில் அப்படியொரு குடிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு, நல்ல மழை. உள்ளே யாரும் இல்லை. சாவியைப் போட்டுத் திறந்தால், இரும்பு அடுப்புக்குப் பக்கத்தில் மெல்லிய சுள்ளிகள் ஒரு கைப்பிடி, அதன்மேல் தீப்பெட்டி, பக்கத்தில் பிளந்த விறகு. முன்னால் தங்கியவர் கிளம்பும்போது எங்களுக்காக எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அடுத்து வருகிறவர் நனைந்து, கை விறைத்து வரலாம், அவரால் விறகு பிளக்க முடியாமல் போகலாம் என்பதுதான் இந்த வழக்கத்தின் காரணம்.

உக்கிராண அறையில் ஓட்ஸ், பருப்பு சூப், மொறுமொறு ரொட்டி, டப்பாவில் அடைத்த அன்னாசிப் பழம் எல்லாம் அடுக்கி, விலைப்பட்டியலும் ஒட்டியிருந்தது. எடுத்ததை நீங்களே எழுதி, கணக்குப் போட்டுப் பணம் கட்ட வேண்டும். கண்காணிக்க ஒருவரும் கிடையாது. ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது, பாத்திரம் கழுவுவது, தரையைப் பெருக்குவது எல்லாம் நம் வேலை. மறுநாள் காலை என் மகள் எங்களுக்கு வைத்திருந்ததைப் போலவே சுள்ளிகளை அடுக்கி, தீப்பெட்டியை மேலே வைத்துவிட்டுத்தான் புறப்பட்டாள்.

நடைமுறை விஷயம்: சங்கத்தில் உறுப்பினரானால் வாடகை குறையும், பூட்டிய குடில்களுக்கான பொதுச் சாவியும் உறுப்பினருக்குத்தான் கிடைக்கும். தலையணையும் போர்வையும் அங்கே இருக்கும், உள்ளே விரித்துக்கொள்ளும் துணிப்பை மட்டும் கொண்டுபோக வேண்டும்.

பிரெய்கஸ்தோலன், ஷெராக், ட்ரோல்துங்கா: மூன்றில் எதற்குப் போகலாம்?

படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் காலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

பிரெய்கஸ்தோலன் என்பது லீசெஃபியோர்டுக்கு மேல் 604 மீட்டர் உயரத்தில் மேசை போலத் தட்டையாக நிற்கும் பாறை. போகவர 8 கிலோமீட்டர், சுமார் 4 மணி நேரம். ஸ்டாவாங்கரிலிருந்து கடலடிச் சுரங்கம் வழியாகப் பஸ் போகிறது. பாதையின் பெரும்பகுதியில் கல் படிகள் இருக்கும். அவற்றைப் போட்டவர்கள் நேபாளத்திலிருந்து வந்த ஷெர்பாக்கள். கல்லோடு கல்லைப் பொருத்துவதில் அவர்களுக்கு உள்ள கைநேர்த்தியை ஏறும்போது காலே உணரும். திருப்பதிக்கோ பழனிக்கோ படியேறிப் பழகியவர்கள் இதை நிதானமாக முடித்துவிடலாம்.

ஷெராக் அதே ஃபியோர்டின் உள்பக்கம். இரண்டு பாறைச் சுவருக்கு நடுவில் சிக்கிக்கொண்ட உருண்டைக் கல், கீழே 984 மீட்டர் வெறும் காற்று. சங்கிலியைப் பிடித்து ஏறும் வழுக்குப் பாறைகள் வழியில் உண்டு. மழை பெய்தால் போகாதீர்கள்.

ட்ரோல்துங்கா வேறு கணக்கு. ரிங்கெடால் ஏரிக்கு மேல் சுமார் 700 மீட்டர் உயரத்தில் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பாறை அது. கீழிருந்து தொடங்கினால் போகவர 27 கிலோமீட்டர், 10 முதல் 12 மணி நேரம். மேல் நிறுத்தத்திலிருந்து கிளம்பினால் 20 கிலோமீட்டர், ஆனால் அங்கே கார் நிறுத்த இடம் கொஞ்சம்தான், முன்பதிவு செய்ய வேண்டும். வீட்டில் வாரம் மூன்று நாளாவது நடக்கிற பழக்கம் இல்லாதவர்கள் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். வழிகாட்டி இல்லாமல் போவதற்கு ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் பொருத்தம்.

பெஸ்எக்கன் முகட்டுப் பாதை பயமாக இருக்குமா?

சிலருக்கு இருக்கும். ஒருபுறம் யெண்டே ஏரி, கடல் மட்டத்திலிருந்து 984 மீட்டரில். மறுபுறம் பெஸ் ஏரி, 1373 மீட்டரில். இரண்டுக்கும் நடுவே கத்தி முனை போன்ற முகடு. கீழே இருப்பது பச்சை, மேலே இருப்பது நீலம். பனியாறு பாறையை மாவாக அரைத்து ஆற்றில் விடுகிறது, அந்த மாவு தண்ணீரில் மிதந்து வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் யெண்டே அப்படிப் பச்சையாகத் தெரிகிறது. ஒரு குவளையில் அள்ளிப் பார்த்தால் லேசாகப் பால் கலந்த மாதிரி இருக்கும்.

காலையில் யெண்டெஷெய்மிலிருந்து படகில் மெமுருபூ போய் இறங்கி, அங்கிருந்து முகட்டின் வழியாகத் திரும்பி நடப்பது நல்லது. கடைசிப் படகைப் பிடிக்க ஓட வேண்டியிருக்காது. உச்சி 1743 மீட்டர், மொத்தம் சுமார் 14 கிலோமீட்டர், 6 முதல் 8 மணி நேரம். முகட்டில் ஓரிடத்தில் கையும் காலும் ஊன்றித்தான் ஏற வேண்டும்.

நாங்கள் முதலில் போனபோது முகடு வரை போகவில்லை. மெமுருபூவில் இறங்கும்போதே மேகம் தாழ்ந்திருந்தது. ஒரு மணி நேரம் ஏறிய பிறகு, அடுத்த கல்குவியல் தெரியாத அளவுக்கு மூடிக்கொண்டது, காற்றும் பிடித்துக்கொண்டது. எதிரே ஒரு வயதான தம்பதி இறங்கி வந்தார்கள். இந்த மலையில் முப்பது தடவைக்கு மேல் ஏறியிருக்கிறார்களாம். "நாங்களே திரும்பிவிட்டோம், மலை எங்கேயும் போய்விடாது" என்றார் அந்த அம்மா. எங்கள் பையில் பூரியும் உருளைக்கிழங்கும் இருந்தன. படகுத்துறைக்கு இறங்கி, நான்கு பேருமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அடுத்த வருடம் தெளிவான ஒரு நாளில் முகட்டைத் தாண்டினோம்.

இந்த நாட்டில் பள்ளிக் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த மலை விதிகள் 9 இருக்கின்றன. 1967 ஈஸ்டர் விடுமுறையில் மலையில் பலர் இறந்துபோன பிறகு நாடு முழுக்கப் பரப்பப்பட்டவை. அவற்றில் எட்டாவது: "உரிய நேரத்தில் திரும்புங்கள், திரும்புவதில் வெட்கமில்லை." நீங்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, விடுப்பைச் செலவழித்து, இன்று ஒரு நாள்தான் இருக்கிறது என்று நிற்கும்போது இதை ஏற்றுக்கொள்வது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: முக்கியமான மலைக்கு ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாள் ஒதுக்குங்கள். வானிலையை "Yr" செயலியில் பாருங்கள். நார்வே வானிலை ஆய்வு மையமும் அரசு ஒலிபரப்பு நிறுவனமும் சேர்ந்து நடத்துவது அது.

ஏதாவது ஆகிவிட்டால் யாரைக் கூப்பிடுவது?

காவல்துறையும் மலை மீட்பும் 112, மருத்துவம் 113. செஞ்சிலுவைச் சங்கத் தொண்டர்கள், ஹெலிகாப்டர் என்று வருவார்கள், மீட்புக்குக் கட்டணம் கிடையாது. "யெல்ப் 113" என்ற செயலியை இறக்கி வைத்துக்கொண்டால் அழைக்கும்போது நீங்கள் இருக்கும் இடமும் அவர்களுக்குப் போய்விடும். கிளம்பும் முன் எந்தப் பாதை, எப்போது திரும்புவோம் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

அப்பா அம்மாவை அழைத்து வருகிறோம், அவர்களால் மலை ஏற முடியாது. என்ன செய்யலாம்?

ரயில். இதற்கு மேல் நல்ல பதில் என்னிடம் இல்லை.

ஓஸ்லோவிலிருந்து பெர்கன் வரை போகும் பாதை 1909-இல் திறக்கப்பட்டது. ஏழு மணி நேரம் போலப் பிடிக்கும். முதலில் காடு, அப்புறம் ஏரிகள், மரங்கள் குட்டையாகி மறைந்து, ஃபின்சே நிலையத்தில் 1222 மீட்டர் உயரத்தில் கோடையிலும் பனித்திட்டுகள். ஃபின்சேவுக்குக் கார்ச் சாலையே கிடையாது, ரயில்தான் வழி. அங்கே ரயில் நிற்கும் சில நிமிடங்களில் அப்பா இறங்கிப் போய் ஒரு கைப்பிடி பனியை அள்ளிக்கொண்டு வந்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். எழுபது வயதில் இருவரும் முதல்முதலாகத் தொட்ட பனி அது.

மிர்தாலில் இறங்கி ஃப்ளோம் ரயிலுக்கு மாறுங்கள். 20 கிலோமீட்டர்தான், ஆனால் 866 மீட்டர் உயரத்திலிருந்து கடல் மட்டத்துக்கே இறங்குகிறது. 20 சுரங்கங்கள், அவற்றில் 18 பெரும்பாலும் கையாலேயே குடையப்பட்டவை. நடுவில் ஷோஸ் அருவியின் முன்னால் நிறுத்துவார்கள். சாரல் மேடைவரை வரும், அம்மாவுக்கு ஒரு சால்வை கையில் இருக்கட்டும். ஃப்ளோமிலிருந்து நேரோய்ஃபியோர்டு வழியாக குட்வாங்கனுக்கு மின்சாரப் படகு, 2 மணி நேரம். சில இடங்களில் இந்த ஃபியோர்டின் அகலம் 250 மீட்டர்தான். இரண்டு பக்கமும் ஆயிரம் மீட்டருக்கு மேல் சுவர். கெய்ராங்கர் ஃபியோர்டோடு சேர்த்து இதை 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். எஞ்சின் சத்தம் இல்லாததால் அருவி விழுகிற ஓசை ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழும்.

இன்னும் நேரம் இருந்தால் ஸ்தேகஸ்தெய்ன் மேடைக்குப் பஸ்ஸில் போய் வாருங்கள். ஃபியோர்டுக்கு 650 மீட்டர் மேலே, மலையிலிருந்து 30 மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரப்பாலம் அது. சக்கர நாற்காலியும் போகும்.

ஃபியோர்டு என்றால் சரியாக என்ன? ஏரியா, ஆறா, கடலா?

கடல். பனியுகத்தில் பனியாறுகள் பள்ளத்தாக்குகளைக் கடல் மட்டத்துக்கும் கீழே ஆழமாகக் குடைந்தன. பனி பின்வாங்கியதும் கடல் உள்ளே நுழைந்துவிட்டது. சோங்னஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் நீளம், 1300 மீட்டர் ஆழம். வாய்ப்பகுதியில் பனியின் பலம் குறைந்ததால் அங்கே ஆழம் குறைவு, உள்ளேதான் அதிகம்.

காரை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டலாமா?

ஓட்டலாம், ஆனால் இங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கி வந்துவிடுங்கள். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். வேகத்துக்கான அபராதம் மிகக் கடுமை.

தூரத்தை கிலோமீட்டரில் பார்க்காதீர்கள், நேரத்தில் பாருங்கள். 200 கிலோமீட்டர் என்றால் நம் நான்குவழிச் சாலைக் கணக்கில் மூன்று மணி நேரம். இங்கே ஃபெரிக்குக் காத்திருந்து, கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கி, ஆடுகள் சாலையை விட்டு எழுந்திருக்கும்வரை நின்று போனால் ஐந்து மணி நேரம் ஆகும். ட்ரோல்ஸ்தீகன் சாலையின் 11 வளைவுகள் பெயர் பெற்றவை, ஆனால் பாறை விழும் அபாயத்தால் மூடி வைப்பதும் உண்டு, முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

அவுர்லாந்துக்கும் லெர்தாலுக்கும் நடுவில் 24.5 கிலோமீட்டர் சுரங்கச் சாலை இருக்கிறது, 2000-இல் திறந்தது. ஓட்டுபவர் சோர்ந்துவிடாமல் இருக்க நடுவில் மூன்று இடத்தில் குகை போல அகலமாக்கி நீல விளக்குப் போட்டிருக்கிறார்கள். கோடையில் வந்தால் அதே இரண்டு ஊர்களையும் மேலே மலை வழியாக இணைக்கும் பழைய சாலையில் போங்கள். ஜூனில்கூடச் சாலையின் இரு பக்கமும் பனிச்சுவர் நிற்கும்.

துருவ ஒளி கட்டாயம் தெரியுமா?

யாரும் உறுதி சொல்ல முடியாது. சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களைப் பூமியின் காந்தப்புலம் துருவங்களை நோக்கித் திருப்புகிறது. அவை மேல் வளிமண்டல ஆக்சிஜன், நைட்ரஜன் அணுக்களில் மோதும்போது ஒளி பிறக்கிறது. நாம் அதிகம் பார்க்கும் பச்சை, சுமார் 100 கிலோமீட்டருக்கு மேலே ஆக்சிஜன் தருவது. இதைப் பரிசோதனைக் கூடத்தில் சின்னக் காந்த உருண்டையை வைத்துச் செய்து காட்டியவர் கிறிஸ்டியான் பிர்கலாண் என்ற நார்வே விஞ்ஞானி. ஆல்தா ஊருக்கு அருகே ஹால்தே மலையுச்சியில் அவர் தொடங்கிய ஆய்வு நிலையக் கட்டடம் இன்னும் நிற்கிறது.

ட்ரோம்சோ இதற்கு வசதியான ஊர். நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடு வரை அங்கே சூரியன் உதிப்பதே இல்லை. ஆனால் ஒளி எவ்வளவு பலமாக இருந்தாலும் மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது, கடலோரம் என்பதால் மேகம் அதிகம். குறைந்தது நான்கு இரவு தங்குங்கள். ஊர் வெளிச்சத்தை விட்டு, மேகம் விலகிய பக்கமாக உள்நாட்டுக்குள் அழைத்துப் போகும் வண்டிகள் உண்டு.

முதலில் அது சாம்பல் நிற மேகக் கீற்று போலத்தான் தெரியும். "இதுவா?" என்று நினைப்பீர்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் கொடுங்கள், போனை எடுக்காதீர்கள். பிறகு அந்தக் கீற்று அசையும். நான் பார்த்த முதல் இரவில் அது திரைச்சீலையைக் காற்று அலைத்த மாதிரி மடிந்து மடிந்து, அடி ஓரத்தில் இளஞ்சிவப்போடு, தலைக்கு நேர் மேலே வந்து விரிந்தது. பக்கத்தில் நின்ற யாருமே பேசவில்லை.

லோஃபோதன் தீவுகளுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

வேண்டும். பூடோவிலிருந்து ஃபெரியில் மூன்றரை மணி நேரம் போல. கடலிலிருந்து செங்குத்தாக எழும் மலைச்சுவரை நெருங்கி வருவதே ஒரு காட்சி. ரெய்னே ஊருக்கு மேலே ரெய்னெப்ரிங்கன், 448 மீட்டர். இங்கேயும் ஷெர்பாக்கள் கட்டிய படிகள்தான், ஏறக்குறைய 2000.

எல்லோரும் கோடையில் போகிறார்கள். முடிந்தால் மார்ச் மாதத்தில் போங்கள். ஸ்க்ரெய் என்ற காட் மீன் பேரன்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட இங்கே வரும் காலம் அது. பிடித்த மீனைத் தலை நீக்கி, இரண்டிரண்டாக வாலில் கட்டி, ஊரெங்கும் நிற்கும் மரச்சட்டங்களில் தொங்கவிடுவார்கள். நம் கருவாட்டைப் போல உப்பு கிடையாது. மைனஸுக்கும் ப்ளஸுக்கும் நடுவில் நிற்கும் குளிரும் கடற்காற்றும் மட்டுமே மே மாதம்வரை காய வைக்கின்றன. கையில் எடுத்தால் கட்டை மாதிரி கனமில்லாமல் இருக்கும், தட்டினால் மரச்சத்தம் கேட்கும். வாசம் மட்டும் நாகப்பட்டினம், தூத்துக்குடிக் கடற்கரையை நினைவுக்குக் கொண்டுவந்துவிடும். உடல் இத்தாலிக்கும் தலை நைஜீரியாவுக்கும் ஏற்றுமதியாகின்றன.

வட நார்வேயின் மீன் ஆலைகளில் 1980-களிலிருந்து வேலை செய்தவர்களில் ஈழத் தமிழர்கள் நிறைய பேர். மரமே முளைக்காத கடலோர ஊர்களில், இருண்ட குளிர்காலத்தில், மீன் அறுக்கும் வரிசையில் நின்று குடும்பத்தை நிமிர்த்தியவர்கள். ஃபின்மார்க் பக்கம் போனால் யாராவது ஒருவர் தமிழில் "எந்த ஊர்?" என்று விசாரிக்கக்கூடும். நின்று பேசிவிட்டு வாருங்கள்.

என்ன உடுப்பு கொண்டுவர வேண்டும்?

உடம்போடு ஒட்டிய உடுப்பு கம்பளியாக இருக்கட்டும். பருத்தி வேண்டாம். நம் ஊர் வெயிலுக்குப் பருத்தி அருமையானது. இங்கே வியர்வையில் நனைந்தால் காயாமல் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். கம்பளி நனைந்தாலும் சூடு தரும். அதன்மேல் ஒரு ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட், கால்சட்டை. தொப்பியும் கையுறையும் ஜூலையிலும் பையில் இருக்க வேண்டும். கணுக்காலை மூடும் பூட்ஸை ஊரிலேயே வாங்கி, இரண்டு மாதம் போட்டுப் பழகிவிட்டு வாருங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் சமாளிக்க முடியுமா? செலவு எவ்வளவு இழுக்கும்?

சமாளிக்கலாம், ஹோட்டலை நம்பாமல். விலை எல்லாமே அதிகம், வெளியே சாப்பிடுவதுதான் கையைக் கடிக்கும். சமையலறை உள்ள தங்குமிடமாகப் பிடியுங்கள். ஓஸ்லோவில் தமிழ்க் கடைகள் இருக்கின்றன. அரிசி, பருப்பு, புளி, கறிவேப்பிலைவரை கிடைக்கும். மலைக்கு வெந்நீர் ஊற்றினால் வெந்துவிடும் பொட்டல உணவில் சைவ வகையும் உண்டு. நாங்கள் புளிக்காய்ச்சலும் அவலும் எடுத்துப் போவோம். பழுப்புச் சீஸ் என்று ஒன்று தருவார்கள், பால்கோவாவின் சாயலில் லேசாக இனிக்கும், ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், குழாய்த் தண்ணீரே நன்றாக இருக்கும்.

ரயில் டிக்கெட்டை எவ்வளவு முன்னால் எடுக்கிறீர்களோ அவ்வளவு மலிவு.

விசா?

நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. எனவே ஷெங்கன் விசா. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடைக்கு என்றால் தாமதிக்க வேண்டாம். ஸ்வால்பார்ட் தீவுகளும் திட்டத்தில் இருந்தால் ஒன்றை மறந்துவிடாதீர்கள்: அது ஷெங்கனுக்கு வெளியே. அங்கே போய்த் திரும்பி வர இரண்டு முறை நுழையும் அனுமதியுள்ள விசா வேண்டும்.

கரடி, ஓநாய் பயம் உண்டா?

மலைப்பாதைகளில் அநேகமாக இல்லை. பனிக்கரடி ஸ்வால்பார்டில் மட்டும்தான். அங்கே ஊர் எல்லையைத் தாண்டினால் துப்பாக்கியுள்ள வழிகாட்டியோடுதான் போக வேண்டும். டோவ்ரே மலையில் கஸ்தூரி எருதுகள் உண்டு. பார்க்கச் சாதுவாக மேய்ந்துகொண்டிருக்கும், சீண்டினால் குதிரை வேகத்தில் பாயும். 200 மீட்டர் தள்ளியே நில்லுங்கள். தெற்குக் கடலோரப் புல்வெளிகளில் உண்ணி உண்டு, மாலையில் கால்களைச் சோதித்துப் பாருங்கள். ஜூலையில் ஃபின்மார்க் பீடபூமிக்குப் போனால் கொசுவலைத் தொப்பி கட்டாயம்.

சின்னக் குழந்தைகளை மலைக்குக் கூட்டிப் போகலாமா?

கூட்டிப் போங்கள். இங்கே மழலையர் பள்ளியிலேயே மழையோ பனியோ, தினமும் வெளியே விடுவார்கள். குழந்தைகளோடு போகும்போது உச்சியைக் குறிவைக்காதீர்கள். ஓர் ஓடை, ஒரு பெரிய பாறை, கொஞ்சம் நீலப் பழம் கிடைத்தால் அவர்களுக்கு அதுவே போதும். ஒரு மணி நேரப் பாதைக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். மாற்றுச் சாக்ஸ் இரண்டு ஜோடி, ஃபிளாஸ்க்கில் சூடாகப் பால். இங்குள்ள குடும்பங்கள் எல்லாம் பையில் ஓர் ஆரஞ்சும் "க்விக் லுன்ஷ்" என்ற சாக்லேட்டும் வைத்திருப்பார்கள். அந்த சாக்லேட் உறையின் உள்பக்கத்தில்தான் நான் முன்னே சொன்ன 9 மலை விதிகளும் அச்சிடப்பட்டிருக்கின்றன. என் மகள் நார்வே மொழி வாசிக்கக் கற்றுக்கொண்டதே அந்த உறையை விரித்து வைத்துக்கொண்டுதான்.